பில் உண்மை, கணக்கு எண் மட்டும் பொய்: கட்டுமான நிறுவனங்களுக்கு ஈமெயில் பாதுகாப்பு ஓர் அறிமுகம்

2019 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிரன்ஸ்விக் என்ற ஊரில் உள்ள செயின்ட் அம்புரோஸ் தேவாலயத்தில் புதுப்பிப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. வேலையை எடுத்திருந்த கட்டுமான நிறுவனம் தேவாலயத்தைத் தொடர்புகொண்டு, இரண்டு மாதமாகப் பணம் வரவில்லையே என்று கேட்டது. தேவாலயமோ ஒழுங்காகப் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. விசாரணையில்தான் நடந்தது தெரிந்தது. தேவாலயத்தின் ஈமெயில் கணக்குகளுக்குள் யாரோ புகுந்து, ஒப்பந்ததாரர் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக ஊழியர்களை நம்ப வைத்திருக்கிறார்கள். போனது சுமார் 17.5 லட்சம் டாலர்.

பில் போலி இல்லை. வேலை நடந்தது உண்மை, தொகையும் சரி, கொடுக்க வேண்டிய தேதியும் சரி. கணக்கு எண் ஒன்றுதான் மாறியிருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள மெக்யூவன் பல்கலைக்கழகம் 2017 ஆகஸ்டில் இதே போல ஏமாந்து, 1.18 கோடி கனடிய டாலரை மூன்று தவணையாக அனுப்பிவிட்டது. அங்கே பல்கலைக்கழகத்தின் கணினிகளுக்குள் யாரும் நுழையவில்லை. ஒரு கட்டுமான நிறுவனத்தின் பெயரில் வந்த போலி ஈமெயிலே போதுமாக இருந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் 2023இல் மட்டும் இந்த வகை ஈமெயில் மோசடி பற்றி 21,489 புகார்கள் வந்தன, இழப்பு 290 கோடி டாலருக்கும் மேல்.

கட்டுமான நிறுவனம் நடத்துகிறவர்கள், அங்கே கணக்கு வழக்கு பார்க்கிறவர்கள், "கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும்" என்பதாலேயே ஈமெயில் பொறுப்பும் தலையில் விழுந்தவர்கள், இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கணினித் துறைப் படிப்பு தேவையில்லை.

ஏன் கட்டுமானத் துறையைக் குறிவைக்கிறார்கள்?

ஒவ்வொரு புராஜெக்ட்டும் புது மனிதர்களோடு தொடங்குகிறது. கட்டட உரிமையாளர், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட், பிரதான ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், பெயின்டிங் என்று சப் கான்ட்ராக்டர்கள், சிமென்ட்டும் கம்பியும் கொடுப்பவர்கள். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. எல்லாம் ஈமெயிலில்தான் நடக்கிறது. தெரியாத பெயரிலிருந்து டிராயிங் வருவதும், லிங்க்கைத் திறந்து டவுன்லோடு செய்யச் சொல்வதும் இங்கே அன்றாட வேலை. வேறொரு அலுவலகத்தில் சந்தேகத்தைக் கிளப்பக்கூடிய ஈமெயில் இங்கே சாதாரணமாகத் தெரியும்.

பணமும் பெரிய பெரிய தவணைகளாக, முன்கூட்டியே தெரிந்த கட்டங்களில் நகர்கிறது. அட்வான்ஸ், ரன்னிங் பில், இறுதி பில், பிடித்து வைத்த ரிடென்ஷன் தொகை. யாரிடமிருந்து யாருக்குப் பணம் போகும் என்பதும் ரகசியமில்லை. உரிமையாளர் யார், ஒப்பந்ததாரர் யார், கன்சல்டன்ட் யார் என்று சைட் வாசலில் இருக்கும் போர்டே சொல்லிவிடுகிறது. அரசு வேலை என்றால் டெண்டர் யாருக்குக் கிடைத்தது என்பது பொதுத் தகவல். மோசடிக்காரன் பாதி வேலையை நமது போர்டைப் படித்தே முடித்துவிடுகிறான்.

கிளவுடுக்குப் போனால் பாதுகாப்பும் சேர்ந்தே வந்துவிடாதா?

மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்றவற்றில் ஈமெயில், ஃபைல்கள், காலண்டர், மீட்டிங் எல்லாம் அந்த நிறுவனங்களின் டேட்டா சென்டர்களில் இருக்கின்றன. நாம் உலாவியிலோ மொபைல் ஆப்பிலோ லாகின் செய்து பயன்படுத்துகிறோம். சர்வரைப் பராமரிப்பது, ஹார்டு டிஸ்க் கெட்டால் மாற்றுவது, மென்பொருள் ஓட்டைகளை அடைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதை நன்றாகவே செய்கிறார்கள். சிறிய நிறுவனம் ஒன்று தன் அலுவலக மூலையில் ஒரு சர்வரை வைத்துக் காப்பாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் யாருக்கு லாகின் கொடுப்பது, எந்த ஃபோல்டரை யாரோடு பகிர்வது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எப்போது மூடுவது, இதெல்லாம் நம் பொறுப்பு. சரியான பாஸ்வேர்டோடு வருகிறவரைப் பெரும்பாலும் உரியவர் என்றே எடுத்துக்கொண்டு கணினி உள்ளே விடும். இன்று திருடர்கள் சர்வரை உடைக்க மெனக்கெடுவதில்லை, ஊழியர் ஒருவரின் லாகினோடு முன்வாசல் வழியாகவே வருகிறார்கள். ஆகவே கிளவுடில் காக்க வேண்டியது முதலில் லாகினைத்தான்.

உள்ளே புகுந்தவன் என்ன செய்கிறான்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பாதுகாப்பு ஏற்பாடுகளின் காரணம் எல்லாம் இங்கேதான் புரியும்.

அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு, பழக்கமான கன்சல்டன்ட்டின் பெயரில் ஒரு ஈமெயில் வருகிறது. "திருத்திய டிராயிங், ரிவிஷன் 3, இங்கே பார்க்கவும்." லிங்க்கைத் தொட்டால் மைக்ரோசாஃப்ட் லாகின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கிறது. அவர் பாஸ்வேர்டைப் போடுகிறார். டிராயிங் திறக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அன்றிரவே அவருடைய கணக்கில் வேறொருவன் நுழைகிறான். எதையும் அழிப்பதில்லை, யாருக்கும் எதுவும் அனுப்புவதில்லை. படிக்கிறான். எந்த பில் எப்போது பாஸாகும், யார் கையெழுத்துப் போடுவார், இவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி விளிக்கிறார்கள், ஈமெயிலின் அடியில் என்ன போடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்கிறான். பிறகு மைக்ரோசாஃப்டின் ஈமெயில் மென்பொருளான அவுட்லுக்கில் ஒரு ரூல் போடுகிறான். பில், பேமென்ட், வங்கி போன்ற சொற்கள் உள்ள ஈமெயிலோ குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து வரும் ஈமெயிலோ வந்தால், படித்ததாகக் குறித்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குள் தள்ளிவிட வேண்டும். ரூலுக்குப் பெயர் வெறும் ஒரு புள்ளி. பட்டியலில் பார்த்தாலும் கண்ணில் படாது.

ரன்னிங் பில் பாஸாகும் வாரம் வருகிறது. நடந்துகொண்டிருக்கும் அதே உரையாடலுக்குள், அதே சப்ஜெக்ட் வரிக்குக் கீழே, ஒரு பதில் வந்து விழுகிறது. "எங்கள் பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தவணையைக் கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும்." அனுப்பியவரின் முகவரியில், ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. மொபைல் திரையில் அந்த வித்தியாசம் தெரியாது. சில நேரம் அந்த வித்தியாசம்கூட இருக்காது, உண்மையான கணக்கிலிருந்தே அனுப்பியிருப்பான். உண்மையான ஒப்பந்ததாரர் "பணம் எப்போது வரும்?" என்று கேட்டு எழுதும் ஈமெயில் எல்லாம் ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

ஏமாறுகிறவர் கவனக்குறைவானவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளில் ஐம்பது ஈமெயில் பார்ப்பவருக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. தனிமனிதரின் உஷாரை மட்டும் நம்பி இதை நிறுத்த முடியாது. ஏற்பாடுகள் வேண்டும்.

முதல் ஏற்பாடு, கணினி சம்பந்தப்பட்டதே இல்லை

வங்கிக் கணக்கு மாறியதாக எந்த ஈமெயில் வந்தாலும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் போன் எண்ணுக்கு நாமே கூப்பிட்டு, நமக்குத் தெரிந்த ஆளிடம் பேசி உறுதி செய்யாமல் பணம் போகக் கூடாது. அந்த ஈமெயிலில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பதில் பயனில்லை, அதை எடுப்பவனும் மோசடிக்காரன்தான். அவர்களாகவே கூப்பிட்டுச் சொன்னாலும் ஏற்கக் கூடாது. குரலைப் போலியாக உருவாக்கும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. நாம் வெளியே போட்ட அழைப்புதான் செல்லும்.

மெக்யூவன் பல்கலைக்கழகத்தில் இல்லாமல் போனது இந்த ஒரு நடைமுறைதான். இதற்குச் செலவு ஒரு போன்கால்.

கூடவே, ஒருவர் கணக்கு எண்ணை மாற்றினால் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியே அவசரப்படுத்தினாலும் இதைத் தாண்டக் கூடாது. முதலாளி பெயரில் அவசரப்படுத்துவதும் இந்த மோசடியின் ஒரு வகைதான். புதிய ஒப்பந்தம் போடும்போதே "வங்கிக் கணக்கு மாற்றத்தை ஈமெயில் வழியாக மட்டும் தெரிவித்தால் இரு தரப்பும் ஏற்காது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு போன் செய்து கேட்கும்போது யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

லாகினை இறுக்குவது

பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். இதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஆனால் எல்லாச் சரிபார்ப்பும் ஒரே பலம் கொண்டவை அல்ல.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். சரிபார்ப்புக்கென்றே இருக்கும் மொபைல் ஆப் அதைவிட மேல். முன்பெல்லாம் ஆப்பில் "அனுமதிக்கவா?" என்று கேள்வி வரும், தொட்டால் போதும். திருடன் நடுராத்திரியில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பான், தூக்கக் கலக்கத்தில் ஒருவர் அனுமதி கொடுத்துவிடுவார். அதனால் மைக்ரோசாஃப்ட் தன் ஆப்பில், லாகின் திரையில் தெரியும் எண்ணை மொபைலில் போட்டால்தான் அனுமதி என்பதை 2023 மே மாதம் முதல் கட்டாயமாக்கியது.

இதையும் தாண்டி வருகிறார்கள். போலி லாகின் பக்கம் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் போடும் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அந்த நொடியிலேயே உண்மையான பக்கத்துக்குக் கடத்தி, உள்ளே போனதற்கான அடையாளத்தை அது பிடித்துக்கொள்கிறது. 2021 செப்டம்பர் முதல் 10,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களை இந்த முறையில் குறிவைத்த ஒரு மோசடியைப் பற்றி மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் வெளியிட்டது. இதை நிறுத்துவது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் மொபைலிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி), அல்லது யுஎஸ்பியில் செருகும் சிறிய பாதுகாப்புச் சாவி. இவை உண்மையான இணைய முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். போலிப் பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும், முகவரி வேறு என்பதால் இவை வேலை செய்யாது. மனிதக் கண் தவறவிடுவதை இவை தவறவிடுவதில்லை.

எல்லோருக்கும் உடனே கொடுக்க முடியாவிட்டால், பணம் அனுப்புகிறவர்கள், ஒப்புதல் தருகிறவர்கள், அட்மின், முதலாளி என்ற வரிசையில் தொடங்குங்கள். மற்றவர்களுக்கு ஆப் வழிச் சரிபார்ப்பு இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் 365இல் செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் என்ற அமைப்பு கூடுதல் கட்டணமில்லாமல் இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிடும். பழைய கணக்குகளில் அது அணைந்தே கிடக்கலாம், ஒருமுறை போய்ப் பாருங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் இரண்டு படிச் சரிபார்ப்பை அட்மின் கட்டாயமாக்கலாம்.

சைட்டில்தான் இது சிக்கலாகும். ஒரே டேப்லெட்டை நான்கு சூப்பர்வைசர்கள் பயன்படுத்துவார்கள், "சைட் ஆபீஸ்" என்று ஒரு பொது லாகின், அதன் பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருக்கும். யார் என்ன செய்தார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. பொது முகவரி வேண்டும் என்றால் ஷேர்டு மெயில்பாக்ஸ் என்ற வசதி இருக்கிறது. அதற்குத் தனியாக லாகின் தேவையில்லை, அவரவர் சொந்த லாகினிலிருந்தே பார்க்கலாம். சைட் ஆபீஸ் ஸ்கேனர் ஈமெயில் அனுப்பப் பயன்படுத்தும் கணக்கையும் மறந்துவிடாதீர்கள். அதற்கு இரண்டாவது சரிபார்ப்பு போட முடியாது என்று விலக்கு கொடுத்துவிட்டு எல்லோரும் மறந்துபோகும் கணக்கு அது. அதை வேறு எதற்கும் பயன்படாத தனிக் கணக்காக வைத்திருங்கள்.

அட்மின் அதிகாரம் உள்ள கணக்கில் தினசரி ஈமெயில் பார்க்கக் கூடாது. அட்மின் வேலைக்கு ஒரு கணக்கு, அன்றாட வேலைக்கு வேறு கணக்கு. பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அமைப்பே 2017இல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் பாஸ்வேர்டைவிட, நீளமான ஒரு பாஸ்வேர்டு நல்லது. வெளியே கசிந்தது தெரிந்தால் அப்போது மாற்றினால் போதும்.

உங்கள் பெயரில் வேறொருவர் எழுதுவது

ஈமெயில் தொழில்நுட்பம் உருவான காலத்தில், அனுப்புகிறவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை. உங்கள் நிறுவனத்தின் முகவரியைப் போட்டு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதை அடைக்கப் பின்னால் சேர்த்தவை மூன்று. எங்கள் பெயரில் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் இவை என்று பட்டியலிடுவது எஸ்பிஎஃப். ஒவ்வொரு ஈமெயிலிலும் மாற்ற முடியாத ஒரு டிஜிட்டல் கையொப்பம் இடுவது டிகேஐஎம். இந்த இரண்டிலும் தேறாமல் எங்கள் பெயரில் வருவதை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்வது டிமார்க். மூன்றும் உங்கள் டொமைன் (ஈமெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) அமைப்பில் சேர்க்கும் சில வரிகள்தான்.

டிமார்க்கை எடுத்த எடுப்பிலேயே "நிராகரி" என்று வைத்தால், உங்கள் சொந்த ஈமெயிலே தொலைந்துபோகலாம். டெண்டர் மென்பொருள், சம்பள மென்பொருள், புராஜெக்ட் நிர்வாக மென்பொருள் என்று பல சேவைகள் உங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கும், அவை பட்டியலில் விட்டுப்போயிருக்கும். முதலில் "கவனி" நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்து, எல்லாம் சேர்ந்த பிறகு "ஸ்பாமில் போடு", அப்புறம் "நிராகரி". மொத்தமாக ஏராளமான ஈமெயில் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க் வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து சொல்கின்றன. குறைவாக அனுப்புகிறவர்களும் வைத்துக்கொள்வது நல்லது.

எம்முக்குப் பதில் ஆர், என் போட்டு வாங்கிய போலி டொமைனை இவை தடுக்காது. அந்த டொமைனுக்கு அவனே முறைப்படி எஸ்பிஎஃப் எல்லாம் வைத்திருப்பான். அங்கே காப்பாற்றப் போவது, முன்பே சொன்ன போன்கால்தான்.

ஃபைல்கள்

"லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம்" என்ற வகைப் பகிர்வு வசதியானது, ஆபத்தும் அதே அளவு. டெண்டர் விலைக் கணக்கு அப்படி ஒரு லிங்க்கில் இருந்து, அது ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் போனால், எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. விலை, ஒப்பந்தம், ஊழியர் விவரம் உள்ளவற்றைப் பெயர் குறிப்பிட்டு மட்டும் பகிருங்கள். டிராயிங்குகளுக்கு அந்த வகை லிங்க் தேவைப்பட்டால் காலாவதித் தேதி வையுங்கள்.

ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனி இடம் ஒதுக்கி, வெளியாட்களை அந்த இடத்துக்கு மட்டும் விருந்தினராகச் சேர்ப்பது நல்ல பழக்கம். சைட்டை விட்டுப் போகிறவரிடம் கேட் பாஸைத் திருப்பி வாங்குவது போல, அன்றே அவருடைய லாகினையும் பகிர்வுகளையும் மூடிவிட வேண்டும். இதைக் கணினி ஆளிடம் மட்டும் விட்டால் நடக்காது. யார் எப்போது வேலையை விட்டார் என்ற செய்தி அவருக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகலாம். சம்பளக் கணக்கை முடித்துக் கொடுக்கும் படிவத்திலேயே ஒரு வரியாக இதைச் சேர்த்துவிடுங்கள்.

கிளவுடில் இருப்பதாலேயே அது பேக்கப் ஆகிவிடாது. மைக்ரோசாஃப்ட் 365இல் ஃபைல்கள் இருக்கும் ஷேர்பாயிண்டிலும் ஒன்டிரைவிலும் அழித்த ஃபைல் 93 நாள்தான் குப்பைத்தொட்டியில் இருக்கும். கூகுள் டிரைவில் 30 நாள். ஒரு கட்டடத்தில் விரிசல் பிரச்சினை வந்து பழைய டிராயிங்கையும் கடிதங்களையும் தேடும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும். தனியாக ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும், அதிலிருந்து ஒரு ஃபோல்டரையாவது அவ்வப்போது திரும்ப எடுத்துப் பாருங்கள்.

ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தால்

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. அடுத்தது காவல்துறைக்கு. கணினியை அப்புறம் பார்க்கலாம். முதல் சில மணி நேரத்தில்தான் அந்தப் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பிறகு அந்தக் கணக்கு. பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். திருடன் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அவனுடைய லாகின் அப்படியே தொடரலாம். அட்மின் பக்கத்திலிருந்து எல்லா இடங்களிலும் அந்தக் கணக்கை வெளியேற்ற வேண்டும். அடுத்து, இரண்டாவது சரிபார்ப்புக்கு அவன் தன் மொபைலைச் சேர்த்து வைத்திருக்கிறானா என்று பார்த்து நீக்க வேண்டும். ஈமெயில் ரூல்களையும் வெளி முகவரிக்கு ஃபார்வர்டு ஆகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கணக்கைப் படிக்க அனுமதி பெற்ற வெளி ஆப்கள் இருக்கின்றனவா என்பது கடைசி. 2017 மே மாதம் கூகுள் டாக்ஸ் பெயரில் பரவிய மோசடி அப்படித்தான் வந்தது. பாஸ்வேர்டே கேட்கவில்லை, அனுமதி மட்டும் கேட்டது. அப்படி அனுமதி வாங்கிய ஆப், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உள்ளேயே இருக்கலாம்.

அந்தக் கணக்கிலிருந்து சமீபத்தில் யார் யாருக்கு ஈமெயில் போயிருக்கிறதோ அவர்கள் எல்லோருக்கும் போன் செய்து சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் பெயரில் வந்த அடுத்த லிங்க் அவர்கள் இன்பாக்ஸில் இப்போது திறக்காமல் காத்திருக்கலாம். வங்கியின் எண், கணினி ஆளின் எண், முக்கிய ஒப்பந்ததாரர்களின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து அக்கவுண்ட்ஸ் மேசையில் இன்றே வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஈமெயிலைத் திறந்து தேட முடியாது, தேடிக் கிடைத்த எண்ணை நம்பவும் முடியாது.